அலெக்சாந்தர் வம்பீலவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக நண்பர்களின் வாசிப்புக் கூடுகைகளில் வம்பீலவின் நாடகங்களை அறிமுகப்படுத்தி வருகிறேன். தால்ஸ்தோயையும் செகாவையும் ஆழ்ந்து படித்தவர்கள்கூட இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரே மாதிரியான ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்து, எனக்கு உறுதியாகத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த வம்பீலவ்? செகாவுக்குப் பிறகு ரஷ்யாவில் பெரிய நாடகாசிரியர் இருந்தாரா என்ன?

அலெக்சாந்தர் வலென்தீனவிச் வம்பீலவ் 1937ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 அன்று சைபீரியாவின் இர்குத்ஸ்க் பகுதியில் பிறந்து, குதுலிக் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று, முப்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பைக்கால் ஏரியில் படகு விபத்தில் இறந்தார். அவருடைய நாடகங்களைச் சேர்த்தால் ஒரே ஒரு நூல்தான் வரும். அந்த ஒரு நூல், அவருக்குப் பின்வந்த ரஷ்ய நாடகாசிரியர்களில் பலரின் போக்கைத் தீர்மானித்தது.

புல்காகவ், ஷ்வார்ட்ஸ், அர்பூசவ் எனச் செகாவுக்குப் பிறகும் பெரிய நாடகாசிரியர்கள் ரஷ்யாவில் இருந்தார்கள். ஆனால் அறுபதுகளின் சோவியத் மனிதனை, அவன் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் புதிதாக ஒதுக்கப்பட்ட அடுக்குமாடி வீட்டிலும் மூலையிலிருக்கும் உணவகத்திலும் வைத்து, மேடைக்கு உண்மையாக எழுதியவர்களில் வம்பீலவையே முதலிடத்தில் வைப்பேன்.

பெயர் ரஷ்யப் பெயர் போலத் தோன்றவில்லையே, அவர் ரஷ்யரா, வேறு இனத்தவரா?

தந்தை வழியில் அவர் புர்யாத், அதாவது பைக்கால் ஏரியைச் சுற்றி வாழும் மங்கோலிய மொழிக்குடும்ப மக்களைச் சேர்ந்தவர். தாய் அனஸ்தசீயா ரஷ்யர், பாதிரியார் ஒருவரின் மகள், பள்ளியில் கணிதம் கற்பித்தவர். வம்பீலவ் எழுதியது ரஷ்ய மொழியில் மட்டுமே. ஆயினும் பல இனத்தவர் அருகருகே வாழும் சைபீரியச் சிற்றூர் அவர் நாடகங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. அவருடைய கடைசி முழுநீள நாடகத்தில் வரும் எவென்கி இனத்து முதியவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அலெக்சாந்தர் என்ற பெயர் பூஷ்கினை நினைத்து வைக்கப்பட்டது. அவர் பிறந்த 1937, பூஷ்கின் இறந்த நூறாவது ஆண்டு.

அவருடைய தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. தந்தை வலென்தீன் நிகீதிச் வம்பீலவ் ஆசிரியராகவும் பள்ளித் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஸ்தாலின் காலப் பெரும் அடக்குமுறையில் 1938 ஜனவரியில் கைதாகி, அதே ஆண்டு மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது கடைசி மகன் அலெக்சாந்தர் கைக்குழந்தை. தாய் ஆசிரியைச் சம்பளத்தில் நான்கு குழந்தைகளையும் தனியாக வளர்த்தார். தந்தை குற்றமற்றவர் என்று 1957இல், மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அரசு அறிவித்தது.

குழந்தை பிறப்பதற்கு முன்பு தந்தை மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. பிறப்பது மகனாகத்தான் இருக்கும் என்றும், கனவில் எழுத்தாளர்களாகவே வருவதால் அவன் எழுத்தாளனாகிவிடுவானோ என்று அஞ்சுவதாகவும் அதில் விளையாட்டாகச் சொல்கிறார். அந்தக் கடிதத்தை முதன்முதலில் படித்த நாளில் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

அப்படியானால் அவருடைய நாடகங்கள் தந்தையின் கொலையைப் பற்றியவையா?

நேரடியாக இல்லை. கைது, முகாம், விசாரணை எதுவும் அவர் மேடையில் வருவதில்லை. ஆனால் தந்தையும் மகனும் அவர் நாடகங்களில் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ‘மூத்த மகன்’ நாடகத்தில் தந்தையற்ற இளைஞன் ஒருவன் யாரோ ஒருவரின் மகனாக நடிக்கப்போய் மகனாகவே ஆகிவிடுகிறான். ‘வாத்து வேட்டை’யின் நாயகன், சாகக் கிடக்கிறேன் என்று கடிதம் எழுதும் தந்தையை நம்ப மறுத்து, இறந்த செய்தி தந்தியாக வரும்வரை அசையாமல் இருக்கிறான். இவற்றை வாழ்க்கை வரலாற்றின் நேர்நகலாகப் படிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எனினும் அந்த வெற்றிடத்தை உள்ளிருந்து அறிந்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

கதைகள் எழுதியவர் எப்படி நாடகத்துக்கு வந்தார்?

1955 முதல் 1960 வரை இர்குத்ஸ்க் பல்கலைக்கழகத்தில் வரலாறும் மொழியியலும் சார்ந்த துறையில் படித்தபோதே சிறு நகைச்சுவைக் கதைகளை எழுதத் தொடங்கினார். பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற உரைநடை எழுத்தாளரான வலென்தீன் ரஸ்பூதின் அதே ஆண்டு பிறந்து, அதே பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர். வம்பீலவ் ‘சோவியத் இளைஞர்’ என்ற இர்குத்ஸ்க் நாளிதழில் பணியாற்றினார். ‘சந்தர்ப்பங்களின் கூட்டு’ என்ற முதல் கதைத் தொகுப்பு, அ. சானின் என்ற புனைபெயரில் 1961இல் வெளிவந்தது.

அந்தத் தலைப்பே அவருடைய நாடகக் கலைக்குத் திறவுகோல். ஒரு தற்செயல், ஓர் அற்ப நிகழ்ச்சி, சந்தர்ப்பங்கள் ஒன்றுகூடும் ஒரு கணம், சில வேளைகளில் மனித வாழ்வின் மிகத் தீவிரமான தருணமாகிவிடும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் உண்டு. இருபத்துநான்கு வயதுக்குள் எழுதிய அந்த ஒரு வரியைத்தான் எஞ்சிய பத்தாண்டுகளும் அவர் மேடையில் சோதித்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். கடைசி ரயிலைத் தவறவிடுவது, தவறான கதவைத் தட்டுவது, ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் போவது எனத் தொடக்கம் எப்போதும் அற்பமானதாகவே இருக்கும்.

மொத்தம் எத்தனை நாடகங்கள்? எதை முதலில் படிப்பது?

முழுநீள நாடகங்கள் நான்கு: ‘ஜூனில் விடைபெறல்’, ‘மூத்த மகன்’, ‘வாத்து வேட்டை’, ‘சென்ற கோடையில் சூலிம்ஸ்கில்’. இரண்டு ஓரங்க நாடகங்கள் இணைந்து ‘மாகாணத் துணுக்குகள்’ என்ற பெயரில் ஒரே மாலை நிகழ்ச்சியாக நிகழ்த்தப்படுகின்றன. ‘வயல் பார்த்த சன்னல்கள் உள்ள வீடு’ என்ற தொடக்கக்கால ஓரங்கமும் வேறு சில சிறு முயற்சிகளும், எழுதி முடிக்காமல் விட்ட ‘ஒப்பற்ற நகோனெச்னிகவ்’ என்ற நகைச்சுவை நாடகமும் உண்டு.

முதலில் ‘மூத்த மகன்’ படியுங்கள். அடுத்து ‘வாத்து வேட்டை’. வரிசையை மாற்றிப் படித்தவர்கள் பலர் வம்பீலவை இருண்ட மனிதராக முடிவுகட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அது அவருக்குச் செய்யும் அநீதி.

‘மூத்த மகன்’ ஓர் ஏமாற்றுக் கதைதானே? பொய் சொன்னவனை ஏன் நாயகனாக்குகிறார்?

கதை இதுதான். மருத்துவ மாணவன் பூசிகினும் அன்று மாலைதான் அவனுக்கு அறிமுகமான சில்வாவும், இரண்டு பெண்களை வீடுவரை கொண்டுவிடப்போய், ஊர்ப்புறப் பகுதியொன்றில் கடைசி ரயிலைத் தவறவிடுகிறார்கள். குளிர் அடிக்கிறது. யாரும் கதவைத் திறப்பதில்லை. மனிதர்களின் தோல் தடித்துவிட்டது, வலுவான பொய் சொன்னால் ஒழிய இரங்கமாட்டார்கள் என்று பூசிகினே சில்வாவிடம் சொல்கிறான். சரஃபானவ் என்ற முதிய இசைக்கலைஞரின் வீட்டுக்குள் எப்படியோ நுழைந்ததும், இவன் உங்கள் தந்தையின் மூத்த மகன் என்று சில்வா வீட்டுப் பையனிடம் உளறிவைக்கிறான். போர் முடிந்த 1945இல் சரஃபானவுக்கு உண்மையிலேயே ஒரு காதல் இருந்ததால், கிழவர் அதை நம்பிவிடுகிறார்.

அந்த வீட்டில் பொய் சொல்பவன் பூசிகின் மட்டும் அல்ல. இசைக்குழுவிலிருந்து நீக்கப்பட்ட சரஃபானவ், சாவு ஊர்வலங்களிலும் நடனக்கூடங்களிலும் கிளாரினெட் வாசித்துப் பிழைப்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கிறார். பிள்ளைகளுக்கு அது எப்போதோ தெரியும், தெரிந்ததை அவர்கள் அவரிடம் மறைக்கிறார்கள். ‘மனிதர் யாவரும் சகோதரர்’ என்ற தலைப்பில் பல்லாண்டுகளாக அவர் எழுதும் இசைப்படைப்பு முதல் பக்கத்தைத் தாண்டவேயில்லை. மகள் திருமணமாகி வெளியேறப் போகிறாள், மகன் தன்னைவிட மூத்த பெண்ணின் மீதுள்ள காதலில் வீட்டைவிட்டு ஓடத் துடிக்கிறான். உண்மைப் பிள்ளைகள் விலகும் நேரத்தில் பொய்ப் பிள்ளையால் அந்த மனிதரை விட்டுப் போக முடியவில்லை. மூத்த மகனுக்கென்று தலைமுறையாக வரும் வெள்ளியாலான மூக்குப்பொடி டப்பாவை அவர் கையில் கொடுக்கும்போது பூசிகின் படும் தவிப்பைக் கவனித்துப் படியுங்கள், நாடகத்தின் அச்சு அதுதான்.

இறுதியில் அவன் உண்மையைச் சொல்லிவிடுகிறான், சரஃபானவ் அதை ஏற்க மறுக்கிறார். நீ என் மகன்தான் என்கிறார். பொய் நன்மை தரும் என்று ஆசிரியர் சொல்லவில்லை. விளையாட்டாகச் சொன்ன சொல்லுக்கும் ஒருவன் பொறுப்பேற்க நேரும் என்பதையே காட்டுகிறார். அவர் யோசித்த முந்தைய தலைப்புகளில் ஒன்று ‘கிதாருடன் ஒரு நீதிபோதனை’.

அவரை இன்னொரு செகாவ் என்கிறார்களே, அது சரியா?

பாதி சரி. பெரிய நிகழ்ச்சியைச் சின்னப் பேச்சுக்குள் ஒளித்துவைப்பதும், நாடகத்தை நகைச்சுவை என்று அழைத்துவிட்டு நம் தொண்டையை அடைக்கவைப்பதும் செகாவின் பள்ளியில் கற்றவை. ஆனால் செகாவில் நிகழ்ச்சி நழுவிக்கொண்டே போகும். வம்பீலவில் தவறான அடையாளம், எதிர்பாராத வருகை, துப்பாக்கி, தீவிபத்து எனப் பழைய நகைச்சுவை நாடகத்தின் இயந்திரம் முழு வேகத்தில் ஓடும். அந்த இயந்திரத்தைக் கோகோலிடமிருந்து பெற்றார். ‘மாகாணத் துணுக்குகள்’ கோகோலின் ‘மூக்கு’ கதையிலிருந்து எடுத்த வரிகளை முகப்பில் தாங்கியே தொடங்குகிறது: இத்தகைய நிகழ்ச்சிகள் உலகில் அரிதாக நடக்கும், ஆனாலும் நடக்கும் என்பது அதன் பொருள்.

அந்த இரண்டு துணுக்குகளும் எதைப் பற்றியவை?

இரண்டும் ‘தைகா’ என்ற மாகாண விடுதியில் நடக்கின்றன. முதலாவதில் விடுதி நிர்வாகி கலோஷின், விருந்தினர் ஒருவரை முரட்டுத்தனமாக நடத்திவிட்டு, பிறகு அவர் ‘மெத்ரன்பாஷ்’ என்று பதிவேட்டில் பார்க்கிறான். அச்சகத்தில் பக்கம் கட்டும் மூத்த அச்சுக்கோப்பாளர் என்பதுதான் அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். அதை அறியாத கலோஷின் யாரோ பெரிய அதிகாரி என்று நடுங்கி, பைத்தியமாக நடித்து, உண்மையிலேயே நோயாளியாகிறான். ஒரு சொல் ஓர் அதிகாரியின் முழு வாழ்க்கையையும் கவிழ்த்துப்போடுகிறது.

இரண்டாவது ‘தேவதையுடன் இருபது நிமிடங்கள்’. குடித்துக் காசு தீர்ந்த இரண்டு பேர் சன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களிடம் நூறு ரூபிள் கடன் கேட்டுக் கத்துகிறார்கள். ஒருவர் வந்து பணத்தை நீட்டுகிறார், திருப்பித் தர வேண்டாம் என்கிறார். உடனே விடுதியில் இருக்கும் எல்லோருக்கும் சந்தேகம்: திருடனா, பைத்தியமா, உளவாளியா? அவரைக் கட்டிப்போட்டு விசாரிக்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தாயைப் பார்க்கப் போகாமல், அனுப்ப நினைத்த பணத்தையும் அனுப்பாமல் இருந்தவர் அவர். தாய் இறந்துவிட்டாள், அந்தப் பணத்தை முதலில் தேவைப்படுபவருக்குக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார். எங்கள் கூடுகையில் இதை உரக்கப் படித்தபோது, சிரித்துக்கொண்டிருந்த அறை இந்த இடத்தில் அடங்கிய விதத்தை மறக்க முடியாது.

அவருடைய நாடகங்கள் தடைசெய்யப்பட்டவையா?

தடை ஆணை பிறப்பித்து ஒடுக்கப்பட்டவர் அல்லர் அவர், எழுத்தாளர் சங்க உறுப்பினராகவும் இருந்தார். சோவியத் ஒன்றியத்தில் ஒரு நாடகம் அச்சாகவும் மேடையேறவும் பல கட்ட அனுமதி தேவைப்பட்டது. அந்த அனுமதி மறுக்கப்படாமலேயே ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகும், திருத்தச் சொல்வார்கள், தலைப்பை மாற்றச் சொல்வார்கள். ‘ஜூனில் விடைபெறல்’ 1966இல் லித்துவேனியாவின் கிளைபேதாவில் முதலில் மேடையேறியது. ‘மூத்த மகன்’ 1969இல் இர்குத்ஸ்கில் அரங்கேறியது. லெனின்கிராதின் பெரிய நாடக அரங்கம் ‘மாகாணத் துணுக்குக’ளை 1972 மார்ச்சில் நடத்தியது. மாஸ்கோ அரங்குகளின் கதவுகளைப் பல ஆண்டுகள் தட்டியும், அவர் உயிரோடு இருந்தவரை அங்கே ஒரு நாடகமும் மேடையேறவில்லை.

‘வாத்து வேட்டை’ 1970இல் இர்குத்ஸ்கின் ‘அங்காரா’ இதழில் வெளிவந்தது. தணிக்கை அதிகாரி விடுப்பில் இருந்த சமயம் பார்த்து அச்சேற்றினார்கள் என்று இலக்கிய வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. அதன் முதல் மேடையேற்றத்தை அவர் பார்க்கவேயில்லை.

‘வாத்து வேட்டை’யில் வேட்டையே நடப்பதில்லையே, பின் ஏன் அந்தத் தலைப்பு?

முப்பது வயதை ஒட்டிய பொறியாளன் ஜீலவ், மழை பெய்யும் காலையில் கடும் குடிமயக்கத்திலிருந்து விழிக்கிறான். ஒரு சிறுவன் சாவு மலர்வளையம் ஒன்றைக் கொண்டுவந்து தருகிறான், அதில் அவன் பெயரே எழுதியிருக்கிறது. முந்தைய இரவு உணவகத்தில் அவன் செய்த அவமானத்துக்கு நண்பர்கள் அனுப்பிய கேலி அது. மழை நிற்கும்வரை வேட்டைக்குப் போக முடியாது. காத்திருக்கும் நேரத்தில் அவன் நினைவுகள் ஒவ்வொன்றாக மேடையில் நிகழ்கின்றன: புது வீட்டு விருந்து, மனைவி கலீனாவின் பிரிவு, இரீனா என்ற இளம்பெண், அலுவலகத்தில் நாணயம் சுண்டிப் போட்டு முடிவு செய்த பொய் அறிக்கை, முன்னர் சொன்ன தந்தையின் தந்தி.

வேட்டை அவனுக்கு ஒரு வாக்குறுதி. அங்கே, படகில், மூடுபனியில், தான் வேறொரு தூய மனிதனாக இருப்பேன் என்று நம்புகிறான். வாழ்நாளில் ஒரு வாத்தையும் அவன் சுட்டதில்லை. உண்மையான வேட்டைக்காரன் உணவகப் பரிசாரகன் தீமா. பதற்றப்படாமல் சுட வேண்டும், குறி தவறுபவனுக்குத்தான் அவை உயிருள்ளவை, குறி வைத்து அடிப்பவனுக்கு அவை ஏற்கெனவே செத்தவை என்று தீமா விளக்கும் இடம், நாடகத்திலேயே மிகவும் அச்சமூட்டும் பேச்சு. குரலை உயர்த்தாமல், பணிவாக அதைச் சொல்கிறான்.

ஜீலவ் மோசமான மனிதன். அவனுக்காக நான் ஏன் வருந்த வேண்டும்?

வருந்தச் சொல்லி நாடகம் கேட்கவில்லை. மனைவியை ஏமாற்றுகிறான், நண்பர்களை இழிவுபடுத்துகிறான், எல்லாவற்றிலும் பொய் சொல்கிறான். ஆனால் சுற்றியிருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் இதே வாழ்க்கையில் வசதியாகப் பொருந்திவிட்டவர்கள், அவன் மட்டும் பொருந்தவில்லை. கலீனா கதவுக்கு அப்பால் நிற்கிறாள் என்று எண்ணி, மூடிய கதவைப் பார்த்து முதன்முறையாக மனம் திறந்து அவன் பேசும் காட்சி உண்டு. அவள் போய்விட்டாள், கேட்டுக்கொண்டிருப்பது இரீனா. உண்மையான சொற்கள் தவறான ஆளைச் சென்றடைகின்றன, அவனோ ஆள் மாறியதும் அதே வாக்குறுதிகளை அவளுக்கும் தந்துவிடுகிறான். அந்த ஒரே காட்சியில் அவன்மீது இரக்கமும் அருவருப்பும் சேர்ந்தே எழாவிட்டால், இன்னொரு முறை படித்துப்பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

‘சென்ற கோடையில் சூலிம்ஸ்கில்’ நாடகத்தில் அந்த வேலிக்கு என்ன பொருள்?

தைகாக் காட்டோரச் சிற்றூரில் ஒரு தேநீர்க்கடை. அதன் முன்னே சிறு பூந்தோட்டமும் மரவேலியும். சுற்றிப்போகச் சோம்பல்பட்டு எல்லோரும் வேலியை உடைத்துக்கொண்டு குறுக்கே நடக்கிறார்கள். அங்கே வேலை செய்யும் வலென்தீனா ஒவ்வொரு முறையும் பலகையைச் சரிசெய்கிறாள். யார் வேலியைச் சுற்றிப்போகிறார், யார் மிதித்துப்போகிறார் என்பதிலேயே ஒவ்வொரு பாத்திரமும் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இதை அடையாளப்பொருள் என்று சொல்லிவிட்டுக் கடந்துவிட வேண்டாம். அது ஒரு பெண் தன் கையால் செய்யும் வேலை, மேடையில் நம் கண்முன் நடக்கிறது.

முதலில் இதற்கு ‘வலென்தீனா’ என்றே பெயர். அதே காலத்தில் நாடகாசிரியர் ரோஷின் எழுதிய ‘வலென்தீனும் வலென்தீனாவும்’ வெளிவந்துவிட்டதால் தலைப்பை மாற்றினார். முந்தைய வடிவமொன்றில் அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். இறுதி வடிவத்தில், தேநீர்க்கடைக்காரியின் மகன் பாஷ்காவின் வன்கொடுமைக்கு மறுநாள் காலை அவள் வெளியே வந்து மீண்டும் வேலியைச் சரிசெய்யத் தொடங்குகிறாள். ஓய்வூதியம் கேட்டு வந்து, வேலை செய்ததற்குச் சான்றிதழ் இல்லாததால் திருப்பி அனுப்பப்படும் எவென்கி முதியவர் யெரெமேயெவ் அவளுக்குக் கைகொடுக்கிறார். மனம் வெறுத்து ஒதுங்கியிருந்த புலனாய்வாளன் ஷமானவ், தான் கைவிட்ட வழக்கில் சாட்சி சொல்ல நகரத்துக்குப் புறப்பட முடிவெடுக்கிறான். மரணத்தை நீக்கியது தணிக்கைக்குப் பணிந்த செயல் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. மறுநாள் எழுந்து வருவது சாவைவிடக் கடினமான முடிவு, நாடகத்துக்கும் அதுவே பொருத்தமானது.

அவருடைய சாவு விபத்தா, தற்கொலையா?

விபத்து. பைக்காலிலிருந்து அங்காரா நதி புறப்படும் இடத்துக்கு அருகே, நீருக்குள் மூழ்கிக் கிடந்த மரத்தில் படகு மோதிக் கவிழ்ந்தது. உடன் இருந்த எழுத்தாளர் கிளேப் பாகூலவ் படகைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பினார். வம்பீலவ் கரைக்கு நீந்தினார். கோடையிலும் உறைய வைக்கும் குளிருள்ள நீரில், கரையை எட்டும் நேரத்தில் அவர் இதயம் நின்றது. ‘வாத்து வேட்டை’யில் ஜீலவ் தற்கொலை செய்யத் துப்பாக்கியை எடுப்பதை வைத்துக்கொண்டு ஆசிரியரின் சாவைப் படிப்பவர்கள், அப்போது அவர் புது நாடகம் எழுதிக்கொண்டிருந்ததை மறந்துவிடுகிறார்கள்.

நாடகம் கிடைக்காவிட்டால் திரைப்படமாகப் பார்க்கலாமா?

பார்க்கலாம். வித்தாலி மெல்னிகவ் 1975இல் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘மூத்த மகன்’ படத்தில் சரஃபானவாக யெவ்கேனி லியோனவ் நடித்தார். அவர் முகத்தைப் பார்த்தபின் அந்தப் பாத்திரத்தை வேறு முகத்தோடு நினைக்க முடியாது. அதே இயக்குநர் 1979இல் ‘வாத்து வேட்டை’யை ‘செப்டம்பரில் விடுமுறை’ என்ற பெயரில் எடுத்தார். அது 1987வரை ஒளிபரப்பாகவில்லை. ஜீலவாக நடித்த ஒலேக் தால் 1981இலேயே இறந்துவிட்டார். க்ளேப் பன்ஃபீலவ் சூலிம்ஸ்க் நாடகத்தை 1981இல் ‘வலென்தீனா’ என்ற படமாக்கினார்.

‘வாத்து வேட்டை’யின் முடிவில் ஜீலவ் அழுகிறானா, சிரிக்கிறானா? அவன் திருந்துகிறானா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுவே. தற்கொலை முயற்சியைத் தடுக்க வந்த நண்பர்களை ஜீலவ் துப்பாக்கி முனையில் விரட்டுகிறான். பிறகு கட்டிலில் முகம் புதைத்துக் கிடக்கிறான், உடல் குலுங்குகிறது. அழுகிறானா சிரிக்கிறானா என்பது தெரியாது என்று மேடைக்குறிப்பிலேயே ஆசிரியர் எழுதிவிட்டார். எனவே ஒரு பக்கத்தை உறுதியாகக் காட்டும் இயக்குநர், எழுதப்படாத ஒன்றைக் காட்டுகிறார்.

திருந்துகிறானா என்பதற்கு, அதன்பின் நடப்பதைப் பாருங்கள். சன்னலுக்கு வெளியே மழை நின்றுவிட்டது. அவன் எழுகிறான், முகம் அமைதியாக இருக்கிறது. தொலைபேசியில் தீமாவை அழைக்கிறான். ஆம், வேட்டைக்குப் போகலாம், புறப்படத் தயார் என்கிறான். அவனுடைய கனவு நனவாகும் நேரம் இது. ஆனால் தீமா சொன்ன பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் குரலின் அமைதியைக் கேளுங்கள். இந்த முறை அவன் குறி தவறமாட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.